போறன் என்று சொல்லிவிட்டேன்

சிரிப்பதென்றால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். பேய், ஆவி என்று யாராவது தொடங்கினால் எழுந்துபோய்த் தேத்தண்ணி போடுகிற ஆள் நான். மார்க்கம் என்கிற ஊரில் வீடு வாங்கியபோது வாசலில் பூசணிக்காய் உடைக்கவேண்டும் என்று ஒரு அன்ரி ஒற்றைக்காலில் நின்றார், நான் அதை வெட்டிக் கறி வைத்துவிட்டேன். அப்படிப்பட்டவள்தான் இதைச் சொல்கிறேன்.

நகரின் நடுவில், டவுன்ரவுனில், வெள்ளைக்காரரின் இசைநாடகம் போடுகிற ஒரு ஒப்பெரா கொம்பனியில் பத்தொன்பது வருடமாகக் கூட்டத்தோடு சேர்ந்து கோரஸ் பாடுகிறேன். றிச்மண்ட் ஹில் கோயிலில் யாரிடமாவது இதைச் சொன்னால், எந்தக் கொம்பனியில் ஒப்பரேட்டர் என்று கேட்பார்கள். திருத்தித் திருத்திக் களைத்து, இப்போதெல்லாம் ஓம் என்று சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தத் தியேட்டர்தான் எனக்கு வீடு. கலியாணம் முறிந்த கிழமையும் அங்கேதான் போய் நின்றேன், அம்மா செத்த செய்தி வந்த அன்றும் அங்கேதான் பாடினேன். வேலை முடிந்து வெளிக்கிடும்போது வெறும் மேடையைப் பார்த்து, "போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுத்தான் வருவேன். எங்கள் ஆட்கள் வீட்டைவிட்டு இறங்கும்போது போய்விட்டு வருகிறேன் என்கிற அர்த்தத்தில் இப்படித்தான் சொல்வார்கள், "போறன்" என்று சொல்லமாட்டார்கள், அது திரும்பி வராதவர்கள் சொல்கிற சொல்.

போன வருடம் தைரொயிட் ஒப்பரேசன் செய்தார்கள், அதில் இடப்பக்கக் குரல்நாண் அசையாமல் நின்றுவிட்டது. டொக்டர் மூக்கு வழியாகக் கமரா விட்டுத் திரையில் காட்டினார். பேசலாம், பாடமுடியாது. ஆறு மாதம் முயன்று பார்த்தேன், மேல் சுருதிக்குப் போனால் காற்றுத்தான் வந்தது. இனி இழுத்தடிக்க வேண்டாம் என்று விலகல் கடிதத்தை எழுதிக்கொண்டு ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் போனேன். ஒத்திகை இல்லாத நாள், வாசல் காவலரைத் தவிர ஈ காக்கை இல்லை.

மேடையில் போய் நின்றால் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அடுத்த மாதமே என் இடத்தில் இன்னொருத்தி நிற்பாள், இந்த இடத்துக்கு என்ன குறையப்போகிறது? அந்த எரிச்சலில் வேண்டுமென்றே, "போறன்" என்றேன்.

பிறகு உடுப்பு மாற்றும் அறைக்கு வந்து, மேசையில் கிடந்த சாமான்களைப் பையில் திணித்தேன். மேடையில் நடப்பது எங்களுக்குக் கேட்பதற்காக அந்த அறைச் சுவரில் ஒரு சின்ன ஸ்பீக்கர் இருக்கிறது, எந்த நேரமும் இலேசாக இரைந்துகொண்டே கிடக்கும். அந்த இரைச்சல் நின்றது. யாரோ மூச்சு எடுத்தார்கள், பாடுகிறவர்கள் எடுக்கிற மூச்சு, அது எனக்குத் தெரியாதா? பிறகு அவசரமே இல்லாமல் ஒரு பெண்குரல்:

"போட்டு வாறன் எண்டு சொல்லு."

நம்பினால் நம்புங்கள், அந்தக் கொம்பனியில் தமிழ் தெரிந்த ஒரே ஆள் நான். மேடைக்கு ஓடினேன், ஒருவரும் இல்லை. வாசலுக்கு ஓடி யார் உள்ளே வந்தது என்று கேட்டேன், நீ மட்டும்தான் என்றார் காவலர், தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்டார். அப்படியே திரும்பிப்போய் மேடை ஓரத்தில் நின்று, "போட்டு வாறன்" என்று சொன்னேன். கடிதத்தைக் கொடுக்கவில்லை.

அடுத்த ஒத்திகையில் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றேன். உச்ச இடம் வந்தபோது பழக்கதோஷத்தில் பாடிவிட்டேன், முழுக்குரலும் வந்தது. சந்தோசத்தில் அங்கேயே அழுதுவிட்டேன். வீட்டுக்கு வந்து பாடினால் காற்று. காருக்குள்ளும் காற்று. அந்தக் கட்டடத்துக்குள் மட்டும் வருகிறது. இந்த முறை போடுகிற ஒப்பெராவில் எனக்கு இரண்டு வரி தனியாகவே கொடுத்தார்கள்.

போன மாதம் டொக்டர் திரும்பவும் கமரா விட்டுப் பார்த்தார். நாண் அதே இடத்தில் அசையாமல் கிடக்கிறது. இதை வைத்துக்கொண்டு எவராலும் பாடமுடியாது என்றார். நான் வாதாடாமல் ஞாயிற்றுக்கிழமைப் பகல் காட்சிக்கு ஒரு டிக்கெட் கொடுத்தேன். வந்து, முன்வரிசையில் இருந்து கேட்டார். திங்கள் காலையில் போன் எடுத்து, நேற்று அந்த இரண்டு வரிக்கும் உங்கள் வாய் அசைந்ததைப் பார்த்தேன், பாடியது யார் என்று கேட்டார்.

நான்தான் என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்குச் சந்தேகமாக இருந்தது.