துவைத்துக் காயப்போட்ட வேலி

கட்டடம் கட்டுகிறவர்கள் மத்தியில் ‘வெள்ளைச்சட்டை’ என்றால் அந்த மேஸ்திரியைத் தவிர வேறு ஆள் கிடையாது. சிமென்ட்டிலும் செம்மண்ணிலும் பிழைப்பு நடத்துகிற மனிதர், காலையில் போட்டுக்கொண்டு போன வெள்ளைச் சட்டையைச் சாயங்காலம் அதே வெள்ளையோடு வீடு கொண்டுவந்து சேர்ப்பார். ஆணியைக்கூடத் துடைத்துவிட்டுத்தான் அடிப்பார். அவர் வீட்டில் ஈ காலைத் துடைத்துக்கொண்டுதான் உட்காரும் என்று ஊரில் சொல்வார்கள். அது மிகை. ஈக்கள் வாசலோடு திரும்பிவிடும் என்பதே உண்மை.

கல்யாணம் பேச முதன்முதலாக மாமியார் வீட்டுக்குப் போனபோது, உட்காரச் சொன்ன நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்தார். கைக்குட்டையைத் திருப்பிப் பார்த்தார். இன்னொரு தடவை துடைத்துவிட்டு உட்கார்ந்தார். மாமியார் அதை இன்றுவரை மன்னிக்கவில்லை. பெண் மட்டும், வீடு பெருக்குகிற கவலை விட்டது என்று அந்த நிமிஷமே சம்மதித்துவிட்டாளாம்.

அந்தப் பெண்ணின் தங்கை படித்துப் பொறியாளர் ஆனாள். அவளுக்குக் கிடைத்த உத்தியோகம் விசித்திரமானது. கட்டட வேலை நடக்கும் இடத்தில் விழுகிற மழைத்தண்ணீர், மண்ணையும் சிமென்ட்டையும் எண்ணெயையும் சுருட்டிக்கொண்டு வெளியே ஓடாமலிருக்க முன்கூட்டியே திட்டம் போட வேண்டும். சரிவு எந்தப் பக்கம், கலங்கல் தண்ணீர் தங்க எங்கே குழி, லாரிச் சக்கரத்துச் சேறு தெருவுக்குப் போகாமல் வாசலில் எவ்வளவு தூரம் ஜல்லி பரப்புவது, எல்லாம் வரைபடத்தில் இருக்கும். வெயில் அடிக்கும்போதே மழையோடு மல்லுக்கட்டுகிற வேலை என்று அக்காள்காரி கேலி செய்வாள்.

தங்கையின் முதல் திட்டமே வெள்ளைச்சட்டை வேலை பார்க்கிற மேட்டுக்குத்தான் அமைந்தது. மேட்டுக்குக் கீழே ஊர் குடிக்கிற ஏரி. மேடு கரைந்தால் ஏரியில்தான் போய் விழும். அதனால் மழைக்காலம் தொடங்கியதும் சோதனை அதிகாரி வந்து பார்ப்பார் என்றும், கலங்கல் வெளியேறினால் வேலையை நிறுத்திவிடுவார் என்றும் ஏற்பாடு. வேலை நின்றால், இன்னும் நிரந்தரமாகாத சின்னவளின் உத்தியோகம் போய்விடும். முதலாளியிடம் அவளுக்காகச் சிபாரிசு பேசியவர் வெள்ளைச்சட்டைதான். அந்த வேலை போனால் தன் கதி என்ன என்பதை மனைவி வாயாலேயே தெரிந்துகொண்டார்.

“என் தங்கச்சிக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நீங்க கட்டுற கட்டடத்துலயே குடியிருந்துக்கங்க.”

இத்தனைக்கும் ஆரம்பத்திலேயே மாமாவுக்கும் கொழுந்தியாளுக்கும் ஒரு சண்டை நடந்து முடிந்திருந்தது. சாயங்காலமானால் கட்டட வாசல் தெருவுக்குக் குழாயைப் பிடித்துத் தண்ணீர் பீய்ச்சி, தெருவைக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டுப் போவது அவர் வழக்கம். அந்த அழுக்கெல்லாம் எங்கே போகிறது என்று அவள் கேட்டாள். சாக்கடைக்கு என்றார். சாக்கடை எங்கே போகிறது என்றாள். அவர் கீழே இருந்த ஏரியைப் பார்த்தார். அன்றிலிருந்து குழாயைச் சுருட்டி வைத்துவிட்டு, துடைப்பத்தால் கூட்டி அள்ளினார். கழுவின தண்ணீர் எதுவானாலும் குழிக்குத்தான் போக வேண்டும் என்பதையும் மனப்பாடமாக வைத்துக்கொண்டார்.

மேட்டின் அடிவாரத்தில் கறுப்புத் துணி வேலி ஒன்று இருந்தது. தண்ணீரை மெல்லக் கசியவிட்டு மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சேறு பாதி உயரத்துக்கு ஏறிவிட்டால் மண்வெட்டியால் அள்ளிவிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தாள். துணியைக் கழற்றாதீர்கள் என்று மட்டும் சொல்லவில்லை. அடுப்புக்குள் தலையை விடாதே என்று யார் யாருக்குச் சொல்லிக் கொடுப்பார்கள்?

முதல் தூறல் விழுந்தது. வேலி தன் கடமையைச் செய்து, முழங்கால் வரை சேற்றைப் பூசிக்கொண்டு நின்றது. மறுநாள் அதிகாரி வருகிறார் என்று சின்னவள் போனில் சொன்னாள். வேலி நன்றாக இருக்க வேண்டும் மாமா, என்றும் சொன்னாள். அங்கேதான் வினை பிடித்தது.

மறுநாள் காலையில் அவள் வந்து இறங்கியபோது அடிவாரம் மொட்டையாக இருந்தது.

“மாமா, வேலி எங்க?”

“காயுது.”

நிமிர்ந்து பார்த்தாள். சாரத்து மூங்கிலில் கறுப்புத் துணி வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கம்புகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. தேங்காய் நாரால் தேய்த்துச் சுவரில் சாய்த்திருந்தார்.

“பெரிய மனுஷன் வர்றப்போ அந்தக் கோலத்துலயா நிக்கவைக்கிறது? அலசின தண்ணிய எல்லாம் குழியிலதான் ஊத்தினேம்மா,” என்றார், பாராட்டை எதிர்பார்த்து.

“அது அழுக்கா இருந்தாத்தான் மாமா வேலை செஞ்சிருக்குன்னு அர்த்தம்.”

அவர் வாயைத் திறப்பதற்குள் வானம் திறந்துகொண்டது. அப்படி ஒரு மழை அதற்குமுன் பெய்ததில்லை. துளி ஒவ்வொன்றும் சொம்பு சொம்பாக விழுந்தது என்று பார்த்தவர்கள் இன்னும் சொல்கிறார்கள். மேட்டின் உச்சியிலிருந்து செம்மண் கரைசல் இறங்கத் தொடங்கியது. அதே நேரத்தில் வாசலில் குடையோடு அதிகாரியும் இறங்கினார்.

கம்பு அடிக்க நேரமில்லை. வெள்ளைச்சட்டை ஒரு கத்து கத்தினார். கொத்தனார்கள், தச்சர், லாரி ஓட்டுநர், காவல்காரர், எல்லாரும் துணியைப் பிடுங்கிக்கொண்டு அடிவாரத்துக்கு ஓடினார்கள். ஒவ்வொரு கம்புக்கும் பதிலாக ஒரு ஆள். துணியின் அடிப்பக்கத்தை மண்ணுக்குள் புதைக்க வேண்டும். புதைக்க வழியில்லாததால் காலால் மிதித்துக்கொண்டு மேல் ஓரத்தை நெஞ்சோடு பிடித்து நின்றார்கள். தண்ணீர் வந்து மொத்தமாகச் சேருகிற பள்ளத்தில் யார் நிற்பது என்று ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டபோது, வெள்ளைச்சட்டை கண்ணை மூடிக்கொண்டு இறங்கினார்.

சேறு முதலில் முட்டியை விசாரித்தது. பிறகு இடுப்பை. பிறகு சட்டைப் பையைத் திறந்து பார்த்தது.

“மேஸ்திரி, சட்டையில லேசா ஏதோ பட்டிருக்கு,” என்றார் பக்கத்துக் கம்பாக நின்ற லாரி ஓட்டுநர்.

அதிகாரி அவசரப்படவில்லை. எல்லா வேலிகளையும் சோதிப்பதுபோலவே இதையும் சோதித்தார். ஒவ்வொரு கம்பையும் குடை நுனியால் தட்டி அசைகிறதா என்று பார்த்தபடி நடந்தார். தச்சர் அசைந்தார். காவல்காரர் தும்மினார்.

“இந்த வேலி உங்க வரைபடத்துல இருக்கா?” என்று கேட்டார்.

“இருக்கு சார். கம்பு மட்டும் இன்னைக்குக் கொஞ்சம் மாறியிருக்கு,” என்றாள் சின்னவள்.

அதிகாரி தண்ணீர் வெளியேறுகிற வாய்க்கால் முனைக்குப் போனார். பையிலிருந்து ஒரு கண்ணாடிப் புட்டியை எடுத்து நிரப்பினார். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, பின்பக்கம் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். அடிவாரத்தில் ஒரு கம்பும் மூச்சுவிடவில்லை. விரல் தெரிந்தது. நகம் தெரிந்தது. நகத்துக்குள் இருந்த அழுக்குத் தெரிந்ததும் புட்டியைச் சட்டென்று இறக்கிக்கொண்டார்.

“தண்ணி சரியா இருக்கு,” என்றார். “மழை விட்டதும் மரக்கம்பு அடிச்சு, படம் எடுத்து எனக்கு அனுப்புங்க. மனுஷங்கள நட்டுவைக்க விதிமுறையில இடமில்ல. அனுப்பலைன்னா நாளைக்கே நிறுத்திடுவேன்.”

அனுப்பினார்கள். படத்தின் ஓரத்தில் மண்வெட்டியோடு செம்மண் பொம்மை ஒன்று நின்றிருந்தது. அது யாரென்று முதலாளிக்குக் கடைசிவரை தெரியவில்லை. சின்னவளின் உத்தியோகம் மட்டும் அதே மாதம் நிரந்தரமானது.

அன்று வெள்ளைச்சட்டை வீடு திரும்பியபோது மனைவி அவரை வாசலிலேயே நிறுத்தினாள். தோட்டத்துச் செடி ஓரமாகக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், வாளி வாளியாக ஊற்றினாள். அழுக்குத் தண்ணீர் கேட்டைத் தாண்டித் தெருவுக்குப் போகக்கூடாது என்று தங்கை சொல்லி அனுப்பியிருக்கிறாளாம். ஊற்றி முடித்து, “சோறு உள்ள இருக்கு, வாங்க,” என்றாள். அதைக் கேட்டபிறகுதான் அவருக்குக் குளிர் விட்டது.

சட்டை பிறகு வெளுக்கவே இல்லை. வேலிக்குப் பக்கத்தில் அவர் கையாலேயே எழுதிய பலகை ஒன்று வந்தது: ‘துவைக்கக் கூடாது.’ அங்கே படிக்க வேண்டியவர் அவர் ஒருவர்தான். சேறு பூசிய வேலியைத் தாண்டும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, பலகையை மட்டும் தினமும் துடைத்துவிட்டுப் போவார்.