எழுதுகிற கை, சுடுகிற கை

கேட்டதற்குப் பதில் சொல்வான் ஹால்வர். கேட்காததைச் சொல்ல மாட்டான். இது எங்கள் ஏரிக்கரையில் எல்லோருக்கும் தெரியும். ஆஸ்பத்திரிக்காரர்களுக்குத் தெரியாமல் போனதுதான் வினையாயிற்று.

பனி உருகிக்கொண்டிருந்த சமயத்தில் அவனுடைய இதயம் இடறத் தொடங்கியது. பேஸ்மேக்கர் வைக்கலாம் என்று முடிவானதும், எந்தக் கையால் எழுதுவீர்கள் என்று நர்ஸ் கேட்டிருக்கிறாள். அதிகம் புழங்காத கைப் பக்கத்தில் அந்தப் பெட்டியை வைப்பது அவர்கள் வழக்கம். வலது கை என்றான். அதில் பொய் இல்லை. எங்கள் காலத்துப் பள்ளிக்கூடத்தில் இடது கையில் பென்சிலைப் பிடித்தால் விரல் முட்டியில் அடி விழும். அவனையும் அடித்து அடித்துத்தான் வலதுக்குக் கொண்டுவந்தார்கள். என்னை அவர்களால் எதற்கும் கொண்டுவர முடியவில்லை. ஆறாம் வகுப்போடு நானே வெளியே வந்து காட்டில் மரம் இழுக்கப் போய்விட்டேன். இன்று இந்த ஏரியைச் சுற்றி நிற்கும் வீடுகளில் பாதிக்கு என் மில்லில் அறுத்த பலகைதான். அது இருக்கட்டும்.

எழுதுவது ஒன்றுதான் ஹால்வருக்கு வலது. கோடரி, தூண்டில், கரண்டி எல்லாமே நொட்டாங்கை. துப்பாக்கியை வைப்பதும் இடது தோளில். அந்த இடது தோளுக்குக் கீழேதான் பெட்டியைப் புதைத்து அனுப்பினார்கள். புண் ஆறியதும் டாக்டர், வேட்டைக்குப் போகலாம், ஆனால் அந்தத் தோளில் மட்டும் துப்பாக்கியின் உதை படக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

அவன் மனைவி சோல்பிரித் என் வீட்டுக்கு வந்து காபிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு புலம்பினாள்.

"சுடுறது இந்தப் பக்கம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதான்னு கேட்டேன் எவர்ட். 'அவ அதக் கேக்கலியே'ங்கறான். இவன வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?"

அவன் அப்படித்தான். வீட்டுக்கு மஞ்சள் அடிக்கச் சொல்லியிருந்தான். பெயிண்டர் சிவப்பை அடித்துவிட்டுப் போனான். எனக்கு அப்படிச் செய்திருந்தால் அந்த பெயிண்டர் ஊர் மாறியிருப்பான். இவன் இத்தனை வருடமாகச் சிவப்பு வீட்டில் குடியிருக்கிறான். வேலையும் அவனுக்குத் தோதாகவே அமைந்தது. பனி வாரும் வண்டியில் தனியாக உட்கார்ந்து ஊர் எழுவதற்குள் சாலையைத் திறந்துவிடுவான். அதில் யாரிடம் என்ன பேச வேண்டும்? கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று கூட சோல்பிரித்துதான் கேட்டாள்.

அவன் தனக்கென்று வைத்துக்கொண்டது ஒரு இடம்தான். எங்கள் வேட்டைக் குழுவுக்குத் தலைவன் நான். செப்டம்பரில் மூஸ் மான் வேட்டை தொடங்குமுன், யார் எங்கே காத்திருப்பது என்று சீட்டுக் குலுக்குவோம். சதுப்புநிலத்து ஓரத்துக் கல்லை மட்டும் குலுக்கலில் சேர்ப்பதில்லை. அங்கே உட்கார்ந்தால் மூஸ் வலப்பக்கத்துப் புதரிலிருந்துதான் வெளியே வரும். முதுகுக்குப் பின்னால் பாறை. உடம்பைத் திருப்ப முடியாது. வலது தோளில் சுடுகிறவன் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டியதுதான். இடது தோள்காரனுக்கோ துப்பாக்கி தானாகவே அந்தப் பக்கம் திரும்பும். அதனால் அதற்கு நொட்டாங்கைக் கல் என்றே பெயர் வைத்து ஹால்வருக்கு விட்டுவிட்டோம். வருடத்தில் மற்ற நாட்களிலும் போய் அங்கே உட்கார்ந்துவிட்டு வருவான் என்று சோல்பிரித் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இப்போது தோள் மாறினால் கல் போய்விடும். தோள் மாறாவிட்டால் வேட்டையே போய்விடும்.

முதலில் துப்பாக்கிக்கு வழி பார்ப்போம் என்று நானே வண்டியில் ஏற்றி, துப்பாக்கி பழுது பார்க்கும் இங்கெலாவிடம் அவனை அழைத்துப் போனேன். அவள் துப்பாக்கியை வாங்கி, வலது தோளில் வைத்துக் காட்டச் சொன்னாள். பார்க்கவே சகிக்கவில்லை. தோளில் ஊன்றும் கட்டை அவனுடைய பழைய தோளுக்காக வளைத்துச் செய்தது. கன்னம் சாய்வதற்கான மேடு தப்பான பக்கத்தில் இருந்தது. தொலைநோக்கிக்கு அவன் கண் எட்டவே இல்லை. வாத்து கழுத்தை நீட்டுவது போல நீட்டிக்கொண்டிருந்தான்.

வேறு துப்பாக்கி வாங்கிவிடு என்றேன். அவன் தலையை ஆட்டி மறுத்தான். இந்தக் குழல் எங்கே சுடும் என்று தனக்குத் தெரியும், தோட்டா ஏற்ற இழுக்கும் போல்ட் இடப்பக்கம் இருப்பதும் இப்போது வசதிதான், வலது கை விசையில் இருக்கும்போதே பழகின இடது கையால் இழுத்துக்கொள்ளலாம் என்றான். அவன் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. ஆக, கட்டையை மட்டும் மாற்ற வேண்டும்.

இங்கெலா இரண்டைக் கொண்டுவந்து வைத்தாள். ஒன்று கறுப்பு பிளாஸ்டிக். எடையே இல்லை. எடை குறைந்தால் உதை கூடும் என்று அவளே சொல்லிவிட்டாள். இன்னொன்று மெல்லிய பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் கடைந்தது. சாம்பலும் பழுப்புமாக வரிவரியாக, பன்றிக் கொழுப்பைத் துண்டு போட்டது மாதிரி இருந்தது. எந்தப் பக்கமும் வளைவு இல்லை. கன்னமேடு நடுவிலேயே இருந்தது.

ஒட்டுப்பலகை. வாழ்நாளெல்லாம் முழு மரம் அறுத்தவன் நான். என் மில்லின் மாடியில் ஒரு பிர்ச் பலகை பல வருடமாகக் காய்ந்துகொண்டிருக்கிறது. தீ நாக்கு போல ரேகை ஓடும் மரம். ஸ்டாக்ஹோமிலிருந்து ஆள் வந்து கேட்டும் நான் கொடுக்கவில்லை. என் சொந்தத் துப்பாக்கிக்கென்று வைத்திருந்தேன். அதை அவனுக்குத் தருகிறேன் என்று அங்கேயே சொன்னேன். கடையில் நின்றிருந்த வேறு இரண்டு பேர் கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கத்தானே வேண்டும்?

ஹால்வர் ஒட்டுக்கட்டையைக் கையில் எடுத்தான். வலது தோளில் வைத்தான், இறக்கினான், மறுபடி வைத்தான். கண் நேராகப் போய் உட்கார்ந்தது.

"உன் மரம் நல்ல மரம்தான் எவர்ட்," என்றான். "ஆனா அதுல ஒரு பக்கந்தான் கன்னம் வெக்க முடியும்."

"உனக்கு இருக்கறதே ஒரு தோள்தானடா இப்ப."

"இந்தப் பெட்டியில பேட்டரி தீந்தா மறுபடி வெட்டுவாங்களாம். அப்ப எந்தப் பக்கம் வெப்பாங்களோ யாரு கண்டா." கட்டையைத் தடவினான். "அடுத்த தடவ நானே சொல்லிருவேன்."

இங்கெலா சிரித்தாள். இது கனமாகவும் இருக்கிறது, உதை குறையும், அடியில் மெத்தையான ரப்பரும் வைத்துத் தருகிறேன் என்றாள். திரும்பி வரும் வழியில், பன்றிக் கொழுப்பு வாங்கினவனுக்கு உருளைக்கிழங்கும் வேண்டுமா, வழியில் நிறுத்தட்டுமா என்று கேட்டேன். அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சிரித்தான்.

கோடை முழுதும் குறி பழகினான். ஓடும் மூஸ் படத்தைத் தண்டவாளத்தில் இழுத்துவிடுவோம். முதல் வாரம் அது காயமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. குழுவிலிருந்த பையன்கள் படத்துக்கு ஓய்வூதியம் கொடுக்கலாம் என்று கேலி செய்தார்கள். அவன் பாட்டுக்குச் சுட்டான். ஆகஸ்டில் தேர்வு வைத்தபோது எல்லாத் தோட்டாக்களும் நெஞ்சுக்கூட்டுக்குள் இருந்தன. தேர்வை வைத்தவன் நான்தான், தயவு காட்டுகிறவன் இல்லை நான்.

சீட்டுக் குலுக்கும் நாள் வந்தது. நொட்டாங்கைக் கல்லில் இந்த வருடம் யாரும் வேண்டாம், ஹால்வரும் மற்றவர்களோடு சீட்டு எடுக்கட்டும் என்று பேச்சு எழுந்தது. நியாயம்தான். எனக்கும் வேறு சொல்லத் தோன்றவில்லை. தொப்பியில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி அவன் முன்னால் நீட்டினேன். அவன் கை வைக்கவில்லை.

"நான் ஒண்ணு சொல்லணும்," என்றான்.

யாரும் அவனை எதுவும் கேட்கவில்லையே.

"அந்தக் கல்லு வேண்டாம். அதுக்கு எதிர்க்கரையில உக்காந்துக்கறேன். மூஸ் அதே வழியாத்தான் வரும். அங்கருந்து பாத்தா இடப்பக்கமா வரும்."

காற்று எப்படி என்று கேட்டேன். கோடையில் பல காலைகளில் போய்ப் புகை விட்டுப் பார்த்ததாகச் சொன்னான். காற்று ஏரிப்பக்கம் போகிறது, மூஸுக்கு மோப்பம் போகாது. தோட்டா தப்பினால் எங்கே போகும் என்று கேட்டேன். எதிரே இருக்கிற பாறையில் போய் அடங்கும் என்றான். நான் கேட்க நினைத்ததெல்லாம் அவனிடம் பதிலாக இருந்தது. தொப்பியைத் திரும்ப இழுத்துக்கொண்டேன். அந்த இடத்துக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. வைக்கவும் தேவையில்லை.

முதல் நாளே, காலைப் பனிமூட்டம் கலைந்ததும், சதுப்புப் பக்கம் ஒரு வெடி கேட்டது. ஒன்றுதான். இரண்டாவது கேட்குமோ என்று காத்திருந்தோம், கேட்கவில்லை. அது நல்ல செய்தியாகவும் இருக்கலாம், கெட்ட செய்தியாகவும் இருக்கலாம். நான் டிராக்டரை எடுத்துக்கொண்டு போனேன்.

இளம் காளை மூஸ், புதரை விட்டு வந்து கொஞ்ச தூரத்தில் விழுந்து கிடந்தது. ஹால்வர் எழுந்திருக்கவே இல்லை. ஒட்டுக்கட்டையை மடியில் போட்டுக்கொண்டு, மெல்லிய ரொட்டியைத் தின்றுகொண்டு எதிரே பார்த்திருந்தான். தோள் எப்படி என்று கேட்டேன். வலிக்கவில்லை என்றான். எனக்கும் ஒரு ரொட்டி கொடுத்தான்.

"இத்தன வருசம் அந்தக் கல்லு மேலயே உக்காந்திருந்தேனா," என்றான், "அது இவ்வளவு பெரிசுன்னு இன்னைக்குத்தான் பாக்கறேன்."

நானும் பார்த்தேன். பெரிய கல்தான். கட்டையைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை, அதனால் நானும் சொல்லவில்லை. மாடியில் பிர்ச் பலகை இன்னும் காய்ந்துகொண்டிருக்கிறது.