காஜுடிஹாவிலிருந்து வந்த தோல்

சந்தானத்துக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. சாந்த்ராகாச்சி ரயில் யார்டின் சரக்கு ஆபீசில் அவனுக்கென்று ஒரு முக்காலி இருந்தது. அதில் அவனைப் பார்த்தவர்களைவிட அது காலியாகக் கிடந்ததைப் பார்த்தவர்கள்தான் அதிகம். ஒரு பில் எழுதுவான். எழுந்து ஜன்னலண்டை போவான். வந்த இஞ்சின் எது என்று பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் பேனாவில் மை உலர்ந்திருக்கும். டாலிகஞ்சிலிருந்து டிராம், ஹௌரா மிதவைப் பாலத்தில் நடை, அப்புறம் ரயில் என்று தினமும் வேலைக்கு வருவதை மற்றவர்கள் தண்டனை என்பார்கள். அவனுக்கு நாளிலேயே பிடித்த பொழுது அதுதான்.

ஹெட் கிளார்க் பட்டாபிராமனுக்கு இது பொறுக்கவில்லை.

"ஓய் சந்தானம், உம்ம முக்காலியில முள்ளு கிள்ளு முளைச்சிருக்கா?"

"இல்லை சார். வெளியில ஒரு கூட்ஸ் வாகன் வந்தது, அதான்..."

"வாகன் வரத்தான் செய்யும், இது ரயில்வே. நடக்கணும்னு அவ்வளவு ஆசையா இருந்தா தோல் கொட்டகையில போய் நடமையா. நாளையிலேர்ந்து அது உம்ம ராஜ்யம்."

ஆபீஸ் முழுவதும் சிரித்தது. சிரித்தவர்களுக்கு உள்ளூர நிம்மதி. காட்டு ஜில்லாக்களிலிருந்து உப்புப் போட்டுக் கட்டி வரும் மாட்டுத் தோல்கள் அந்தக் கொட்டகையில்தான் இறங்கும். கல்கத்தா வியாபாரிகள் வந்து எடுத்துப் போவார்கள். ஆபீசில் இருந்தவர்கள் பெரும்பாலும் தஞ்சாவூர், திருநெல்வேலிப் பக்கத்துப் பிராமணப் பிள்ளைகள். தீட்டை ஒருவர் தலையிலேயே கட்டக்கூடாது என்று முறை வைத்திருந்தார்கள். இன்று ஒருவர், நாளை வேறொருவர். மூக்கைப் பொத்திக்கொண்டு கணக்கை எழுதி, வீட்டுக்குப் போய் முழுகி, மறுநாளே மறந்துவிடுவார்கள். எல்லாருக்கும் நியாயமாகப் பட்ட ஏற்பாடு. அதில் ஒரு கோளாறு இருந்தது யாருக்கும் தெரியவில்லை. நேற்று வந்ததும் இன்று வந்ததும் ஒரே கண்ணில் படவே இல்லை.

சந்தானத்தின் கண்ணில் பட்டது. தினமும் அங்கேயே கிடந்தானே!

தோலில் இரண்டு தரம். அறுத்த மாட்டின் தோலில் கழுத்தில் வெட்டு இருக்கும், விலை அதிகம். தானாகச் செத்த மாட்டின் தோலில் கழுத்து முழுசாக இருக்கும், விலை குறைவு. பில்லில் அதைத் தனித்தனியாக எழுத வேண்டும். செத்த தோல் எல்லா ஊரிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் வரும். காஜுடிஹா என்ற சின்ன ஸ்டேஷனிலிருந்து முதல் வாரம் ஒரு கட்டு வந்தது. அடுத்த வாரம் ஒரு வண்டி பாரம். அதற்கடுத்த வாரம் கொட்டகையின் ஒரு மூலையே அந்த ஊர்த் தோலால் நிறைந்தது. எல்லாம் முழுக் கழுத்து.

அந்த ஊரில் மாடுகள் கும்பலாகச் செத்துக்கொண்டிருக்கின்றன என்று அவனுக்குப் பட்டது. ஒரு மத்தியானம் அனுமதி கேட்டுக்கொண்டு கல்கத்தாவில் இருந்த மாட்டு வைத்திய ஆபீசுக்கே போய்விட்டான். அங்கே டாக்டர் மித்ரா என்பவர் அவன் சொன்னதை அசட்டை செய்யாமல் கேட்டார்.

"கிராமத்துக் காவல்காரன், சௌகிதார், போலீஸ் டாணாவுக்கு வந்து சொன்னால்தான் எனக்குத் தெரியும். அந்தப் பக்கத்திலிருந்து போன மாசம் ஒரு மாட்டுச் சாவுகூட வரலை. தந்தி கொடுக்கிறேன். ஆனா தோலை வச்சுக்கிட்டு மாட்டுச் சந்தையை மூடச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை பாபு. பதில் வரட்டும்."

பதில் வரட்டும் என்று இருக்கச் சந்தானத்தால் முடியுமா?

அன்று சாயங்காலம் அவன் சந்து முனையில் திரும்பும்போதே ஜலஜா வாசற்படியில் நின்று குரல் கொடுத்தாள்.

"ஏன்னா, உள்ளே வராதேங்கோ. பின்பக்கம் வாளியில ஜலம் வச்சிருக்கேன். சட்டையை மூங்கில்ல போடுங்கோ. குழந்தை ஓடி வருவா, தொட்டுடாதேங்கோ."

"நாத்தம் அவ்வளவா தெரியறது?"

"தெருவுக்கே தெரியறது. கோஷ் பாபு வீட்டு மாடெல்லாம் நீங்க வரச்சே தலையைத் தூக்கிப் பாக்கறது."

அடுத்த வேலிக்கு அந்தப்புறம் ஜது கோஷின் கட்டால். கட்டால் என்றால் பால்மாடுகள் கட்டும் தொழுவம். கூரைக்குக் கீழே நெருக்கியடித்து எண்பது மாடு நிற்கும். சந்தானத்தின் குழந்தை முதல் அந்தத் தெருவில் பாதிப் பேர் குடிப்பது அந்தப் பால்தான்.

"அவர் எங்கே, சத்தத்தையே காணோம்?" என்றான் சந்தானம், தலையில் சொம்பைக் கவிழ்த்தபடி.

"துர்கா பூஜை வரதோன்னோ. மிட்டாய்க்கடைக்காராளுக்கெல்லாம் பால் தரேன்னு ஒத்துண்டுட்டாராம். மாடு வாங்கப் போயிருக்கார். காஜுடிஹாவோ என்னவோ பேர் சொன்னா அவாத்து மாமி. நாளைக்கு உங்க யார்டுலதான் இறங்கறதாம்."

சொம்பு அப்படியே நின்றது.

மறுநாள் அந்த வாகன் வந்தபோது சந்தானம் பிளாட்பாரத்தில் ஏற்கெனவே நடந்து நடந்து காலோய்ந்திருந்தான். பத்துப் பன்னிரண்டு மாடுகள் இறங்கின. பளபளவென்று இருந்தன, ஒன்றின் மேலும் ஒரு குறை சொல்ல முடியாது. கோஷ் நீட்டிய ரயில் ரசீதில், மாடுகளை விட்டுவிடலாம் என்று கையெழுத்துப் போடவேண்டியவன் சந்தானம்தான். போட்டும் கொடுத்தான். தடுக்க அவனுக்குச் சட்டம் எதுவும் இல்லை.

"கோஷ் மஷாய், இதுகளை இப்போ கட்டாலுக்கு ஓட்டாதீங்க" என்றான் வங்காளத்தில்.

"ஏன் பாபு, பில்லுல தப்பா?"

"பில்லு சரிதான். காஜுடிஹாவுல மாடு செத்துக்கிட்டிருக்கு."

கோஷ் சிரித்தார். "சந்தையில நாள் கணக்கா இருந்திருக்கேன். ஒருத்தன் ஒரு வார்த்தை சொல்லலை."

"விக்க வந்தவன் சொல்லுவானா?"

"நான் அங்கே நின்னு பார்க்காததை, நீங்க இங்கே இருந்து எப்படிப் பார்த்தீங்க?"

"தோலைப் பார்த்தேன். வாங்க, நீங்களும் பாருங்க."

கோஷின் சிரிப்பு நின்றுவிட்டது. "நான் மாடு வளர்க்கிற கோயாலா ஜாதி, பாபு. பசுவோட தோல் கிடக்கிற இடத்துல காலை வைப்பேனா? உங்களுக்கு உங்க வீட்டுல என்ன மரியாதைன்னு தெருவே பார்க்குது. உங்க வீட்டம்மா பின்பக்கம் வாளி வைக்கிறாங்க."

"உங்களுக்கும் ஒரு வாளி வைக்கச் சொல்றேன். நான் சொல்றது பொய்னா நாளைக்கே ஓட்டிக்கிட்டுப் போங்க. நிஜமா இருந்து நீங்க இன்னைக்கு ஓட்டிக்கிட்டுப் போயிட்டா, அந்த எண்பதும் என்ன ஆகும்?"

கோஷ் மாடுகளைப் பார்த்தார். பாலம் இருந்த திசையைப் பார்த்தார். பிறகு தோள் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கொட்டகைக்குள் வந்தார்.

சந்தானம் ஒரு கட்டைப் பிரித்து முழுக் கழுத்தைக் காட்டினான். கோஷ் கழுத்தைப் பார்க்கவே இல்லை. அவர் பார்வை தோலின் பின்பக்கத்தில் நின்றது. வாலடியிலிருந்து குளம்பு வரைக்கும் ரோமம் சாணித் தண்ணீரில் ஊறிக் காய்ந்து விறைத்திருந்தது. அடுத்த தோலைப் புரட்டச் சொன்னார். அதிலும் அப்படித்தான். மூன்றாவதைத் தாமே கையால் புரட்டினார்.

"கழிச்சல்" என்றார் மெதுவாக. "பசந்தோ."

மாட்டுக்கு வரும் வெக்கை நோய்க்கு வங்காளிகள் வைத்திருக்கும் பெயர் அது. மாடுகளை வேறெங்கே கட்டலாம் என்று அவர் கேட்டார்.

யார்டுக்கு அப்பால் ஏரிக்கரையில் ரயில் கம்பெனியின் தரிசு நிலம் ஒன்று கிடந்தது. மாடுகளை அங்கே வேலி போட்டுக் கட்டினார்கள். கோஷ் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே கீற்று மறைப்பில் தங்கினார். வீட்டிலிருந்து யாரும் வரக்கூடாது என்று சொல்லியனுப்பினார்.

ஒரு நாள் போயிற்று. இன்னும் சில நாள் போயிற்று. மாடுகள் நன்றாக மேய்ந்தன. கொட்டகைக்கும் வேலிக்கும் இடையே சந்தானம் நடந்த நடையில் புல்லே தேய்ந்தது.

"பாபு, மாடு உங்களைவிட நல்லா சாப்பிடுது" என்று கோஷ் வேலிக்குள்ளிருந்து கத்தினார். குரலில் கோபம் ஏறிக்கொண்டிருந்தது. மிட்டாய்க்கடை ஆட்கள் கட்டாலுக்கு வந்து சத்தம் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

பட்டாபிராமன் காதுக்கும் விஷயம் எட்டியது. "கம்பெனி நிலத்துல மாடு மேய்க்கிறீராமே. ரிப்போர்ட் எழுதினா உம்ம வேலை போயிடும், தெரியுமோ? நீர் இன்னும் டெம்பரரி."

"தெரியும் சார்."

"தெரிஞ்சும் நிக்கிறீரே."

அன்று வேலியோரம் நின்றபோது, ஒரு மாடாவது படுத்துக்கொள்ளாதா என்று சந்தானத்தின் மனசு கேட்டது. கேட்டதை அவனே கேட்டுத் திடுக்கிட்டான். ஆனாலும் போய்விடாமல் அங்கேயே நின்றான்.

மறுநாள் காலை கோஷ் கத்தவில்லை. கறுப்புப் பசு ஒன்று தலையைத் தொங்கப்போட்டு நின்றது. கண்ணிலிருந்து நீர் வழிந்தது. வைக்கோலை முகர்ந்துவிட்டுத் தின்னாமல் விட்டது. சாயங்காலத்துக்குள் வாயில் எச்சில் நூலாகத் தொங்கியது.

சந்தானம் ஓடிப்போய்த் தந்தி கொடுத்தான். டாக்டர் மித்ரா ஆட்களோடும் ஊசி மருந்தோடும் வந்தார். ஜில்லாவிலிருந்தும் அவருக்குப் பதில் வந்திருந்தது. காஜுடிஹாவைச் சுற்றியுள்ள கிராமங்களில் தொழுவம் தொழுவமாக மாடுகள் விழுந்திருந்தன. டாணாவுக்கு வந்து சொல்ல வேண்டிய சௌகிதாரின் மாடுகளே படுத்துக்கொண்டதால் அவன் வீட்டைவிட்டு நகரவில்லை. இப்போது அங்கேயும் ஊசி போட ஆட்கள் போகிறார்கள், சந்தையையும் மூடிவிட்டார்கள் என்றார் டாக்டர்.

ஏரிக்கரை மாடுகளில் பாதிக்குமேல் பிழைக்கவில்லை. யாரும் உரித்து விற்றுவிடாதபடி தோலைக் கீறி, ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தார்கள். கோஷ் ஒவ்வொன்றின் நெற்றியிலும் கையை வைத்துவிட்டுத்தான் மண்ணைத் தள்ள விட்டார். டாலிகஞ்சுக் கட்டாலில் ஒரு கன்றுகூடத் தும்மவில்லை.

பட்டாபிராமன் ரிப்போர்ட் எழுதவில்லை. ஒரு நாள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "போதுமையா அந்த ராஜ்யம். வாரும், முக்காலி காலியாத்தான் இருக்கு. கொட்டகைக்குப் பழையபடி முறை போட்டுடலாம்" என்றார்.

"முறை வேண்டாம் சார். நானே இருக்கேன்."

"நாத்தம் பிடிச்சுப்போச்சா?"

"பிடிக்கலை. முறை வச்சா மறுபடியும் யாருக்கும் தெரியாது."

பட்டாபிராமன் சரி என்பதுபோல் கையை அசைத்தார்.

சாயங்காலம் சந்தானம் பின்பக்கம் குளித்துக்கொண்டிருந்தபோது வேலிக்கு மேலே கோஷின் தலை தெரிந்தது. நன்றி என்று அவர் அதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை.

"பாபு, இன்னைக்கு எந்த ஊர்த் தோல்?"

சந்தானம் ஒவ்வொரு ஊராகச் சொன்னான். ஓர் ஊரின் பேரில் நிறுத்தி, "அங்கே கொஞ்சம் கூடியிருக்கு. நாளைக்கு வண்டி வரட்டும், பார்த்துச் சொல்றேன்" என்றான்.

"நாளைக்கா?" என்றார் கோஷ்.

"ஏன்னா, ஜலம் தீந்துபோச்சா, இன்னொரு வாளி வேணுமா?" என்று ஜலஜா உள்ளிருந்து கேட்டாள். சந்தானம் ஈரத்தோடு நின்றபடி, காலை முதல் வண்டியிலேயே யார்டுக்குப் போய்விட்டால் என்ன என்று யோசித்துக்கொண்டிருந்தான்.