சூரியனுக்கு எடுத்த அளவு

ஜமுனாமரத்தூரில் சனிக்கிழமை மதியம் நடந்த கம்ப்யூட்டர் வகுப்பில் எனக்கும் ஒரு தையல் கடைக்காரம்மாவுக்கும் சேர்த்து ஒரே கம்ப்யூட்டர். கழுத்தில் தொங்கும் இஞ்ச் டேப்பை வகுப்பிலும் அவர் கழற்ற மாட்டார். யோசிக்கும்போதெல்லாம் அதன் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்ப்பார்.

அன்று ப்ரோகிராம் எழுதி வடிவங்கள் வரையும் பாடம். அளவைத் தட்டி ஓடவிட்டால் திரையில் ஒரு ஜன்னல் திறந்து, அதற்குள் வடிவம் வரும். சதுரத்துக்கு இருநூறு போடச் சொன்னார் டீச்சர். இவர் இருநூற்றிருபது போட்டார்.

"இன்னாக்கா, அதிகமா போட்டிருக்கீங்க?" என்றார் டீச்சர்.

"தையலுக்கு வுட வேணாமா?"

"இங்க தைக்கவே போறதில்லக்கா."

அரைமனதாக இருபதைக் குறைத்தார். ஆனால் சிவப்புச் சதுரம் வந்து நின்றதும் முகம் மலர்ந்து, துணியின் தரம் பார்ப்பதுபோல் திரையைக் கட்டைவிரலால் தடவினார்.

அடுத்து, சூரியனுக்கு ஒரு வட்டம். அளவு எங்கள் விருப்பம். அவருடைய சூரியன் ஜன்னலையே அடைத்துக்கொண்டது.

"இதுக்கும் தையலாங்க?" என்று கேட்டேன்.

"தையலுக்கு இல்லீங்க. தெனம் பனில நனையுதில்ல, சுருங்கிடும்" என்றார். சிரிக்கவில்லை. மஞ்சள் நிறம் தேடுவதில் மும்முரமாகிவிட்டார்.

மறுநாள் காலை போளூர் பஸ்ஸில் மலையிறங்கும்போது, பனிக்குள்ளிருந்து சூரியன் எட்டிப் பார்த்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு சுற்று சுருங்கித்தான் இருந்தது.