பார்ப்பதற்கு முன்பே பார்த்தாயிற்று

எங்கள் கம்பெனியில் இரண்டரை மணிக்கு முதல் ஷிப்ட் முடியும். ஷிப்ட் நோட்டை இரண்டு மணிக்கே இங்கிலீஷில் எழுதி மூடிவிடுவோம். எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பஸ் போய்விடும். இனிமேல்தான் பார்க்கவேண்டிய மெஷினுக்கும் 'செக்டு' என்றே எழுதுவோம். சேர்ந்த புதிதில் நான் 'வில் செக்' என்று எழுதப்போக, சூப்பர்வைசர் சார் அதை அடித்துவிட்டார்.

"எதுக்கும்மா இதெல்லாம்? ஆடிட்ல கேள்வி மேல கேள்வி கேப்பாங்க. எல்லாம் முடிஞ்ச மாதிரியே எழுது."

பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டென்ஸ் என்றாலே எனக்கு ஆகாது. இங்கே முடிந்துபோன காலம் ஒன்றே போதும் என்றதும் அப்பாடா என்றிருந்தது. பதினோரு வருஷம் அதையே எழுதினேன். எழுதிவிட்டு, ஓடிப்போய்ப் பார்த்தும் விடுவேன்.

அன்றைக்குப் பார்க்கவில்லை. மூக்கண்டப்பள்ளி வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல். பஸ்ஸும் ஹாரன் அடித்துவிட்டது. பிரஸ் மெஷினுக்குள் கை போனால் உடனே அதை நிறுத்தவேண்டிய சென்சாருக்கு நேராக, 'செக்டு, ஓகே' என்று முன்பே எழுதியாயிற்று. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏறிவிட்டேன். அடுத்த ஷிப்டில் அந்த மெஷினில் வேலை செய்தவள் கெலமங்கலத்துப் பெண். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அன்று சாயங்காலம் அவளுக்கு வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது.

விசாரணையில் என் எழுத்துதான் சாட்சி. சென்சார் நன்றாகத்தான் இருந்தது, அவள்தான் வேகத்துக்காக அதை மறைத்து வைத்து வேலை பார்த்திருக்கிறாள் என்றார்கள். அப்படியே முடிந்தால் அவளுக்கு வேலையும் போய்விடும். சார் என்னிடம் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார்.

"நோட்ல இருக்கறதயே எழுதிக் குடுத்துரும்மா. உனக்கும் நல்லது."

பாழாய்ப்போன இங்கிலீஷ்! பதினோரு வருஷம் எழுதியும் ஒரு உண்மையைச் சொல்ல வார்த்தை வரவில்லை. பார்க்காததைப் பார்த்ததாக எழுதி அலுத்துப்போயிருந்தேன். நான் பார்க்கவில்லை, பார்ப்பதற்கு முன்பே எழுதிவிட்டேன் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினேன். சார் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"டென்ஸெல்லாம் தப்பும்மா."

"அர்த்தம் புரியுதில்ல சார்? அது போதும்."

அவள் வேலை தப்பியது. என்னை ஸ்டோருக்கு மாற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய், தப்பு என்மேல்தான் என்று அவளிடமே சொன்னேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கட்டுப்போட்ட கையை மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாதுக்கா. ஆனா உங்க கையெழுத்து தெரியும். அதப் பாத்துட்டுதான் மிஷின்ல உக்காந்தேன்."