ஆழ்வார்குறிச்சி சூப்புக்கு இரண்டாவது கிண்ணம்

வெள்ளிக்கிழமை இரவு தாம்பரத்தில் நெல்லை வண்டி ஏறினேன். போகும் இடத்தில் இருக்கும் மகளிடம் சொல்லவில்லை. ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்ப் பரிசோதித்தால் எவன் அகப்படுவான்?

மகள் காந்திமதி ஆழ்வார்குறிச்சியில் ஒரு பள்ளியில் ஆசிரியை. அங்கேயே வாடகைக்கு வீடு எடுத்துத் தனியாக இருக்கிறாள். ஐப்பசி மழை தொடங்கியதும் அவளுக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. சாயங்காலம் சோறு வேண்டாமாம், உருளைக்கிழங்கு சூப்பு போதுமாம். செய்ததைப் படம் எடுத்து எனக்கு அனுப்புவாள். முதல் படத்தில் பாலும் மிளகும் போட்ட கெட்டிச் சூப்பு, மேசை மேல் இரண்டு கிண்ணம், இரண்டு கரண்டி. தனியாக இருப்பவளுக்கு இரண்டு கிண்ணம் எதற்கு? அடுத்தடுத்த படங்களிலும் அப்படியே. 'நல்லா இருக்கும்மா' என்று பதில் போட்டுவிட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பேன்.

போன வாரம் வந்த படம்தான் என்னை வண்டி ஏற்றியது. அதில் சூப்பு வெள்ளை வெளேரென்று தேங்காய்ப்பாலில் இருந்தது. உருளைக்கிழங்கு, கேரட், கீறிய பச்சை மிளகாய். பக்கத்துத் தட்டில் கருஞ்சிவப்பாக ஏதோ ஒன்று. இஞ்சிப் பச்சடியேதான் என்று கண் சொன்னது. வெளியூர்க்காரருக்கு இது விளங்காது. திருநெல்வேலியில் எங்கள் சைவ வீடுகளில் தேங்காய்ப்பாலும் உருளைக்கிழங்கும் இஞ்சிப் பச்சடியும் சேர்ந்து வந்தால் அது சொதி. கல்யாணத்துக்கு மறுநாள், மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண் வீட்டார் போடும் விருந்து. இப்போது ஓட்டலில்கூடக் கிடைக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் கல்யாண வீட்டில் மட்டுமே அதைச் சாப்பிட்டு வளர்ந்தவன். சொதி இருக்கிறது, கிண்ணம் இரண்டு இருக்கிறது. தாயில்லாத பெண், என்னை விட்டுவிட்டே கல்யாணத்தை முடித்துக்கொண்டாளா? அந்த ஒரு கேள்வியோடு படுத்தவனுக்கு விருத்தாசலம் தாண்டியும் தூக்கம் வரவில்லை.

சனிக்கிழமை காலை திருநெல்வேலி ஜங்ஷனில் மழை. பதினைந்து ரூபாய்க்கு ஒரு காபி வாங்கினேன். அதில் பால் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். செங்கோட்டை பாசஞ்சரில் ஆழ்வார்குறிச்சிக்குப் பத்து ரூபாய் டிக்கெட். பேட்டை தாண்டியதும் இரண்டு பக்கமும் பிசான நெல் நடவு நடந்துகொண்டிருந்தது. மேற்கே பொதிகை மலை இருக்க வேண்டிய இடத்தில் மேகம்தான் இருந்தது.

சேரன்மகாதேவியில் பத்தமடைக்காரர் ஒருவர் ஏறி என் எதிரில் உட்கார்ந்தார். கையில் துணி சுற்றிய கோரைப் பாய். அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோகிறாராம். ஓரத்தைப் பிரித்துக் காட்டினார். பெண் பேரும் மாப்பிள்ளை பேரும் சிவப்புக் கோரையில் நெய்திருந்தது. ஆழ்வார்குறிச்சிக்கு இந்த மாதிரி ஏதும் போயிற்றா என்று பைய விசாரித்தேன்.

"எத்தனையோ ஊருக்குப் போவுது அண்ணாச்சி. யாரு கண்டா?" என்றார்.

இல்லை என்று சொல்லவில்லையே, அதைக் கவனித்தேன். கல்லிடைக்குறிச்சி தாண்டி வண்டி பாலத்தில் ஏறியபோது தாமிரபரணி செந்நிறமாகக் கரை முட்ட ஓடியது. எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். நான் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆழ்வார்குறிச்சியில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். அறுபது ரூபாய் கேட்டார், ஐம்பதுக்கு வந்தார். தெருப் பேரையும் டீச்சர் வீடு என்பதையும் சொன்னேன்.

"சார் வண்டி சாயங்காலம் நிக்கித வீடுதான அண்ணாச்சி? தெரியும்" என்றார் டிரைவர்.

எந்த சார் என்று கேட்காமல் ஏறி உட்கார்ந்தேன்.

கதவைத் திறந்த காந்திமதி என்னைப் பார்த்துத் திடுக்கிடவில்லை. "வாங்கப்பா, மழையில நனைஞ்சுட்டீங்களே" என்று துண்டு எடுத்துக் கொடுத்தாள். திடுக்கிடாததே எனக்குச் சந்தேகத்தைக் கூட்டியது. மத்தியானம் சாப்பிட்டதும் காய் வாங்கக் கடைக்குப் போனாள். நான் வேலையை ஆரம்பித்தேன். வாசலில் ஆண் செருப்பு இல்லை. குளியலறையில் சவரக்கத்தி இல்லை. அலமாரியில் அந்த இரண்டு கிண்ணம் கவிழ்த்திருந்தது. மூலையில் ஒரு பாய் சுருட்டி நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு விரித்தேன். சிவப்புக் கரைதான் இருந்தது, பேர் எதுவும் இல்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அதைச் சொல்லிக்கொண்டே பாயின் மறுபக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன்.

ஆறு மணி வாக்கில் மழை வலுத்தது. வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. இறங்கிய பையனுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும், கையில் உரித்த தேங்காய். அதே பள்ளியில் இயற்பியல் ஆசிரியராம், பாளையங்கோட்டைக்காரராம், பேர் ஜெபசிங்காம். வணக்கம் சொல்லிவிட்டு நேராக அடுப்படிக்குப் போனான். எது எங்கே இருக்கிறது என்று தேடாமல் எடுத்தான். அதையும் கவனித்தேன்.

நாற்காலியை அடுப்படி வாசலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் கிழங்கைத் தோல் சீவித் துண்டு போட்டாள். அவன் தேங்காயைத் துருவி, முதல் பாலைத் தனியாகவும் இரண்டாம் பாலைத் தனியாகவும் பிழிந்தான். எண்ணெயில் பட்டை, கிராம்பு, வெங்காயம், இஞ்சி, பச்சை மிளகாய். பிறகு இரண்டாம் பாலில் கிழங்கும் கேரட்டும் வெந்தன. பாதிக் கிழங்கைக் கரண்டியால் மசித்து அதிலேயே விட்டாள். அது அவள் கண்டுபிடிப்பாம், சூப்பு கெட்டியாகி வயிறு நிறையுமாம். கடைசியில் முதல் பாலை ஊற்றி, கொதிக்க விடாமல் அடுப்பை அணைத்தான். தட்டில் கருஞ்சிவப்பாக வைத்தது கடையில் வாங்கிய இஞ்சி ஊறுகாய். இரண்டு கிண்ணத்தோடு எனக்கு ஒரு டம்ளர்.

ஒரு வாய் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. நாக்குக்குப் பாசிப்பருப்பு தட்டுப்படவில்லை.

"இதுல பாசிப்பருப்பு எங்க?" என்றேன்.

"சூப்புக்கு எதுக்குப்பா பாசிப்பருப்பு?"

வறுத்த பாசிப்பருப்பு இல்லாமல் சொதி இல்லை. சொதியில் பட்டை கிராம்பும் வராது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்போ இது என்ன என்று பையனைக் கேட்டேன்.

"எங்க வீட்ல இத இஸ்டுன்னு சொல்லுவோம் சார், இங்கிலீஷ்ல ஸ்டூ. கிறிஸ்மஸ் காலைல ஆப்பத்துக்கு ஊத்துவாவ."

வந்த உயிர் பாதியில் நின்றது. சொதி இல்லை, சரி. வேதக்கார வீட்டு இஸ்டு என் மகள் வீட்டில் எப்படி வந்தது? டம்ளரை வைத்துவிட்டு நேராகவே கேட்டேன், உங்கள் இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகிவிட்டதா என்று. ஆழ்வார்குறிச்சி வரை வந்தது அந்த ஒரு கேள்விக்குத்தான்.

"ஆவல சார்" என்றான் அவன். "பதிவு பண்ணிருவோம்னு நாந்தான் சொல்லிட்டு இருக்கேன். அப்பா வராம கையெழுத்துப் போட மாட்டேங்கா."

நான் மகளைப் பார்த்தேன். இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஒரு கிண்ணத்த மட்டும் வச்சுப் படம் எடுக்க எனக்குத் தெரியாதாப்பா?" என்றாள். "யாருக்கு இன்னொண்ணுன்னு கேப்பீங்கன்னுதான் ஒவ்வொரு தடவையும் வச்சேன். நீங்க நல்லா இருக்கும்மான்னு சொல்லிட்டுப் போயிட்டீங்க."

ஆயுசு பூராவும் முன்பின் தெரியாதவர்களை எழுப்பிக் கேள்வி கேட்டவன் நான். பெற்ற பெண்ணிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. டம்ளரை எடுத்து மீதியைக் குடித்தேன், அதற்குள் ஆறிப்போயிருந்தது.

சம்மதம் என்று நான் சொல்லவில்லை. வேற்று மதம் என்பது எனக்கு உறுத்தத்தான் செய்தது, அதை மறைத்து எழுதி என்ன ஆகப்போகிறது? ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச்சுக்குப் போகிற வழியில் அவன் வந்து, மணிமுத்தாறு அருவிக்கு மத்தியானம் கூட்டிப்போகட்டுமா என்று கேட்டான். வேண்டாம், வண்டிக்கு நேரமாகிவிட்டது என்றேன். ஸ்டேஷனுக்குக் காந்திமதி வந்தாள். பாசஞ்சர் நகர்ந்தபோது குடையைச் சாய்த்துப் பிடித்து முகத்தை மறைத்துக்கொண்டாள். அழுதாளா என்று பார்க்க முடியவில்லை.

தாம்பரத்திலும் மழைதான். ஆழ்வார்குறிச்சி மழையில் ஆறு நிறைகிறது, இங்கே என் தெரு நிறைகிறது. இரண்டு நாள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து யோசித்தேன். இஸ்டு அவன் வீட்டுப் பக்குவம், அதை அவன் செய்கிறான். சொதி பெண் வீட்டார் போட வேண்டியது. என் மனைவி இருந்திருந்தால் அவள் கை பார்த்துக்கொண்டிருக்கும். இப்போது பெண் வீடு என்றால் நான் ஒருவன்தான், எனக்கோ வெந்நீர் தவிர எதுவும் வைக்கத் தெரியாது.

மூன்றாம் நாள் கால் கிலோ பாசிப்பருப்பும் இரண்டு தேங்காயும் வாங்கி வந்தேன். முதல் தடவை பருப்பு கருகியது. இரண்டாம் தடவை முதல் பால் கொதித்துத் திரிந்தது. அடுத்த நாள் செய்தது பார்க்கிறபடி இருந்தது, எலுமிச்சைதான் கொஞ்சம் தூக்கல். மேசையைத் துடைத்து மூன்று கிண்ணம் வைத்தேன். மூன்றிலும் ஊற்றி, நடுவில் இஞ்சிப் பச்சடி வைத்துப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன்.

அனுப்பிய கையோடு போன் அடித்தது.

"யாருக்குப்பா மூணு கிண்ணம்?" என்றாள்.