பிரைஸ் குடும்பத்து நிலம் யாருடையது

இசில்டா பிரைஸ் முதலில் சொல்லும் விலை ஒருநாளும் உண்மையான விலையாக இருந்ததில்லை. கிங்ஸ்டன் சந்தையில் அவளிடம் வள்ளிக்கிழங்கு வாங்கியவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். காலையில் ஒரு விலை, மழை பிடித்தால் ஒரு விலை, கார் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு வருபவருக்கு வேறொரு விலை. "நேத்து சாயங்காலம் தோண்டினது" என்பாள். போன வாரக் கிழங்காக இருக்கும். அப்படிப்பட்டவள் அரசாங்கத்தின் முன்னால் உட்கார்ந்தபோது, கேட்ட கேள்விக்கு முதல் வாயிலேயே உண்மையைச் சொல்லிவிட்டாள்.

கேள்வி, மலைச்சரிவில் அவள் குடியிருந்த நிலத்தைப் பற்றியது. அதை வாங்கியவர் நத்தானியல் பிரைஸ். அடிமைத்தளை அறுந்த சில ஆண்டுகளில், தான் அடிமையாக இருந்த அதே கரும்புத் தோட்டத்தில் கூலிக்கு வெட்டிச் சேர்த்த காசில் வாங்கினார். என் பிள்ளைகள், அவர்கள் பிள்ளைகள் எல்லோருக்கும், யாரும் விற்கக் கூடாது என்று வாயால் சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து அந்த வம்சத்தில் யாரும் வந்து அறை கட்டலாம், ஈரப்பலா பறிக்கலாம், கடைசியில் வந்து படுத்துக்கொள்ளலாம். கல்லறைகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தன. பிறக்கும் குழந்தையின் தொப்புள்கொடியை அங்கே ஒரு மரத்தடியில் புதைப்பார்கள். பர்மிங்ஹாமில் பிறந்த ஒரு குழந்தையின் கொடி, துணியில் சுற்றித் தபாலில் வந்தது.

ஒரு சொல்லை மட்டும் அங்கே யாரும் சொல்லக் கூடாது: என்னுடையது. இசில்டா சின்னப் பெண்ணாக இருந்தபோது, அவளுடைய பெரியப்பா மாஸ் எக்லன் ஆடு புகுகிறது என்று ஒரு மூலையில் கம்பிவேலி போட்டார். கொஞ்ச காலம் கழித்து, வேலிக்குள் இருப்பது என்னுடையது என்றார். அவர் செத்த ஒன்பதாம் நாள், பாட்டும் டோமினோ ஆட்டமும் பொரித்த மீனுமாக ஊரே கூட வேண்டிய நாள், குடும்பத்தில் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. பெரியம்மா மீனையெல்லாம் நாய்களுக்குப் போட்டாள்.

நெடுஞ்சாலை வருகிறது என்று ஆட்கள் வந்து ஈரப்பலா மரத்தில் சிவப்புப் பெயின்ட் அடித்தார்கள். பிறகு மாதா கோயில் கூடத்தில் விசாரணை நடந்தது. யார் நிலம், யாருக்கு இழப்பீடு என்று பதிவு செய்ய வந்திருந்த அதிகாரி மரியாதை தெரிந்தவர். எழுந்து நின்று நாற்காலி போட்டார்.

"நிலம் உங்களுதா, மிஸ் பிரைஸ்?"

"நான் அங்க இருக்கேன் சார். எங்கம்மா அங்க படுத்திருக்கா."

"அது சரி. ஓனர் நீங்களா?"

"என்னுதுன்னு எப்படி சார் சொல்றது? எல்லாருதும்தான்."

"எல்லாரும்னா?"

"பொறந்தவங்க, செத்தவங்க, இனிமே வரப்போறவங்க."

அதிகாரி எழுதியதைப் படித்துக் காட்டினார்: தனக்கு உரிமை உண்டு என்று கோரவில்லை. இசில்டா தலையாட்டினாள். யாரோ தன்னை நல்லவள் என்று எழுதியதுபோல இருந்தது அவளுக்கு. அதே முற்றத்தில் கீழ்வீட்டில் இருந்த சித்தப்பா மகள் மெர்வாவும் அதையே சொன்னாள்.

இசில்டாவுக்கு வேண்டியது ஒன்றுதான். பணம் அல்ல, நிலத்துக்கு நிலம். மேலே சரிவில் ஒரு துண்டு. கல்லறைகளைச் சேர்த்தே எடுத்துப்போய் அங்கே வைக்க வேண்டும். யார் எங்கிருந்து திரும்பி வந்தாலும் ஓர் அறை கட்ட இடம் வேண்டும். மாற்று நிலம் கேட்கச் சட்டத்தில் வழி இருந்தது. ஆனால் கேட்பவர் உரிமையாளராக இருக்க வேண்டும்.

இயந்திரங்கள் வழக்குக்காகக் காத்திருக்கவில்லை. அரசாங்கம் நிலத்தைக் கைப்பற்றியதும் சரிவின் அடியிலிருந்து வேலை ஆரம்பமாகிவிட்டது. நீதிமன்றத்துக்கு மிச்சமிருந்தது, யாருக்குக் கொடுப்பது என்பது மட்டும்தான். இலவசச் சட்ட உதவி வக்கீல் டெல்ஃபீன் டல்லக் நேராகப் பேசுகிறவர். குடும்பம் முழுதும் சேர்ந்து கேட்பதென்றால் டொராண்டோ, பனாமா என்று சிதறிக் கிடக்கும் அத்தனை வாரிசுகளையும் தேடிப் பிடித்து நிரூபிக்க வேண்டும், அதற்குள் கெடு முடிந்துவிடும் என்றார். இன்னொரு வழி, நீண்ட காலம் மற்றவர்களை விலக்கி வைத்து நான் ஒருத்தியே அனுபவித்தேன் என்று இசில்டா சத்தியம் செய்வது. கிடைத்த பிறகு எல்லோருக்கும் என்று எழுதிக் கொடுத்துவிடலாம்.

அவசரத்துக்குக் காரணம் எவர்ட்டன். அந்தத் தபாலில் வந்த தொப்புள்கொடிக்குச் சொந்தக்காரனின் அப்பா. பர்மிங்ஹாம் போகும் முன் ஒருமுறை வரி கட்டப் போனவன், தன் பெயரையே பதிவில் எழுதிவிட்டு வந்திருந்தான். இப்போது நிலம் முழுதும் தன்னுடையது என்று மனுப் போட்டிருந்தான். பணமாகவே வேண்டும் என்றும் கேட்டிருந்தான்.

வக்கீல் சொன்ன வழியை இசில்டா மெர்வாவிடம் மறைக்கவில்லை. துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மெர்வா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "மாஸ் எக்லனும் ஆடு புகுதுன்னுதான் ஆரம்பிச்சாரு."

"நான் வாங்கி உங்களுக்குத்தானடி தரப்போறேன்."

"தர்றதுக்கு நீ யாரு?"

வழக்கு நாளன்று மெர்வாவும் குடும்பத்தில் இன்னும் சிலரும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். எவர்ட்டன் அந்த வெக்கையிலும் கம்பளிக் கோட்டோடு கூண்டேறினான். நிலம் யாருடையது என்று கேட்டதும், பேர் என்ன என்று கேட்டதுபோல, என்னுடையது என்றான். அவ்வளவுதான், இறங்கிவிட்டான்.

இசில்டா பைபிளில் கை வைத்தாள். டல்லக் அதே கேள்வியைக் கேட்டார். அவள் பின்வரிசையைப் பார்க்காமல், "என்னுது" என்றாள். சத்தமாகச் சொல்லுங்கள் என்றார் நீதிபதி.

"என்னுது. எனக்கு மட்டும்தான்."

எவர்ட்டனின் வக்கீல் எழுந்து, கோயில் கூடத்தில் பதிவானதை ஏற்ற இறக்கமில்லாமல் வாசித்தார். இதைச் சொன்னது நீங்கள்தானா என்று கேட்டார். ஆமாம். அன்று சொன்னது உண்மையா, இன்று சொன்னது உண்மையா? பின்வரிசையில் பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. இசில்டா திரும்பிப் பார்த்தபோது அங்கே ஒருத்தரும் இல்லை.

தீர்ப்பில் அவளை முன்னுக்குப்பின் முரணான சாட்சி என்று குறிப்பிட்டிருந்தார்கள். எவர்ட்டன் பணத்தை வாங்கிக்கொண்டு விமானம் ஏறினான். கல்லறைகளை ஒப்பந்தக்காரர் ஆட்கள் தோண்டிப் பொதுமயானத்துக்குக் கொண்டுபோனார்கள். நம்பர் போட்ட குழிகள், வெவ்வேறு வரிசைகள். இசில்டாவின் அம்மா, முன்பின் தெரியாத ஒரு போலீஸ்காரருக்குப் பக்கத்தில் கிடக்கிறாள். இசில்டா ஊருக்குள் வாடகை அறைக்குப் போனாள். மெர்வா தன் தம்பி வீட்டுக்குப் போனாள்.

"ரெண்டு பேரும் பொய்தான் சொன்னோம்" என்று சந்தையில் ஒருநாள் இசில்டா சொன்னாள். "அவன் முதல்லயே சொல்லிட்டான். நான் உண்மையைச் சொல்லிட்டு அப்புறம் சொன்னேன்."

போன ஆண்டு மெர்வாவின் தம்பி இறந்தான். ஒன்பதாம் நாள் இசில்டா நல்ல கவுன் போட்டுக்கொண்டு, வெயில் தாழும் முன்பே போய்விட்டாள். பாட்டு நிற்கவில்லை, பெஞ்சில் இருந்தவர்கள் மட்டும் இரண்டு பக்கமும் தள்ளி உட்கார்ந்தார்கள். எல்லோரும் பெரிய தட்டிலிருந்து கையால் எடுத்துத் தின்றுகொண்டிருக்க, மெர்வா உள்ளே போய்த் தனித் தட்டில் மீனும் ரொட்டியும் வைத்து எடுத்து வந்தாள்.

"இந்தா, இசி. உன்னுது" என்றாள். "உனக்கு மட்டும்தான்."

இசில்டா தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தில் வைத்து, கடைசித் துண்டு வரைக்கும் தின்றாள். பிறகு தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தாள்.